துரைமார் ஓட்டத்துக்குக் கடுதாசி போட்டவர்

பழனியாண்டி அண்ணன் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தபால்காரர். டயகமப் பக்கம், மேல்கணக்குப் பிரிவில், வரிசை வீடான லயத்தில் அவர் காம்பராவுக்கும் என் காம்பராவுக்கும் நடுவே ஒரே சுவர்தான். வாரத்தில் ஆறு நாளும் தபால் பையைத் தூக்கிக்கொண்டு அக்கரப்பத்தனைக்கு இறங்கி ஏறுவார். ஏழாம் நாளாவது மனுஷன் காலை நீட்டிப் படுக்க வேண்டாமா? அன்றைக்குத்தான் துரைமாருக்கு ஓட்டக் கிறுக்குப் பிடிக்கும்.

அந்த ஓட்டத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. ஒரு ஆள் சாக்கு நிறையக் கிழித்த கடுதாசியோடு முன்னால் ஓடி, வழிநெடுகத் துண்டு துண்டாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். சுற்றுவட்டாரத் துரைமார் அரைக்கால்சட்டையோடு அதைத் தேடிக்கொண்டு பின்னால் ஓடி வருவார்கள். முடிகிற இடத்தில் பியர் குடிப்பார்கள். அவ்வளவுதான் விளையாட்டு. முன்னால் ஓடுகிற ஆள் எங்கள் அண்ணன். மழையானாலும் அவர்தான், காய்ச்சலானாலும் அவர்தான்.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் அவருக்கு முழங்கால் வீங்கிவிட்டது. அவர் மனைவி வேலாயி தினமும் உப்பை வறுத்து ஒத்தடம் கொடுப்பாள். அந்தச் சமயம் பாக்டரி வாசலில் காவல் இருந்த கிழவர் இந்தியாவுக்குப் போய்விட்டார். ஸ்டூலில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. அண்ணன் பெரிய துரையிடம் போய், அதை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வெளிநாட்டு விருந்தாளி ஒருவர் வருகிறார், ஓட்டம் நன்றாக நடக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று துரை சொல்லிவிட்டார்.

அந்த விருந்தாளி ஊர் ஊராகப் போகிறவராம். மலாயாவோ ஆப்பிரிக்காவோ, கப்பலை விட்டு இறங்கியதும், இங்கே ஓடுகிற கூட்டம் எது என்று விசாரித்துப் போய்ச் சேர்ந்துகொள்வாராம். பங்களா சமையல்காரர் இதைச் சொன்னபோது அண்ணன் நம்பவே இல்லை. கால் வலிக்காத ஆள்போல என்றார்.

விருந்தாளிக்காகப் பாதையைப் புதிதாக, கீழ்க்கணக்கு வழியாகப் போடச் சொன்னார் துரை. அந்தப் பக்கம் ஓட்டம் போனதே கிடையாது. அண்ணன் நொண்டி நொண்டிக் கடுதாசியைப் போட்டுக்கொண்டு, ஓட்டம் முடிகிற மலை உச்சிக் கொட்டகைக்குப் போய்க் காத்திருந்தார்.

கீழ்க்கணக்குக் கங்காணி செல்லசாமிக்கு இந்த விவரம் எதுவும் தெரியாது. சீமைத் துரை வருகிறார் என்பது மட்டும் தெரியும். துரை வரும் பாதையில் குப்பை கிடந்தால் எந்தக் கங்காணிக்குப் பொறுக்கும்? எந்தக் கழுதை இப்படிக் கிழித்துப் போட்டது என்று திட்டிவிட்டு, நாலு பெண்களை விட்டுப் பாதை முழுவதையும் கூட்டி நெருப்பு வைத்துவிட்டார்.

மூடுபனி வேறு. துரைமார் வழி தெரியாமல் தண்ணீர்க் கானிலும் சேற்றிலும் விழுந்து எழும்பி, கடைசியில் கீழ்க்கணக்கு லயத்துக்குள் வந்து நின்றார்கள். பெண்கள் பதறிப்போய்ப் பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்கள். விருந்தாளி லயத்து வாசற்படியில் உட்கார்ந்து, சேற்றுக் காலோடு விழுந்து விழுந்து சிரித்தாராம்.

கொட்டகையில் அண்ணனுக்கு உயிரே இல்லை. பொழுது சாய்ந்தும் ஒருவரும் வரவில்லை. காவல் வேலை போச்சு, தபால் வேலையும் போச்சு, இனித் தோட்டத்தை விட்டே போகச் சொல்வார்கள் என்று உட்கார்ந்திருந்தார். அப்போது லயத்துப் பையன் ஒருவன் வழிகாட்டத் துரைமார் வந்து சேர்ந்தார்கள். பெரிய துரை நேராக வந்து அவர் தோளில் தட்டினார். பாதையை மறைத்தது அண்ணனின் தந்திரம் என்று அவர்களுக்கு நினைப்பு. எந்த நாட்டிலும் இப்படி ஒரு ஓட்டம் ஓடியதில்லை என்று விருந்தாளி சொன்னாராம்.

கங்காணி கூட்டி நெருப்பு வைத்த கதையைப் பையன் அண்ணன் காதில் போட்டான். அதைத் துரையிடம் சொன்னால் கங்காணிக்குத் தலை போகும். அண்ணன் வாயைத் திறக்கவில்லை. ஓட்டம்தான் நன்றாக நடந்துவிட்டதே என்ற தைரியத்தில், காவல் வேலையை மட்டும் ஞாபகப்படுத்தினார்.

துரைக்கு எங்கள் தமிழ் அரைகுறையாக வரும். "நீ வாசல்ல குந்தினா யாரு ஓடுறது? உன்னை மாதிரி ஆள் எனக்குக் கெடைக்காது" என்றார்.

கால் வலிக்கிறது என்று அண்ணன் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். துரை அதை இங்கிலீஷில் சொல்ல, விருந்தாளி மிகவும் இரக்கப்பட்டார். நல்ல மனுஷன்தான், பொய் சொல்லக் கூடாது. மறுநாள் புறப்படும்போது தான் போட்டு ஓடிய கேன்வாஸ் சப்பாத்தைச் சமையல்காரரிடம் கொடுத்து அனுப்பியிருந்தார், இனி வலிக்காமல் ஓடலாம் என்று.

சப்பாத்து வந்த அன்று நானும் அவர் காம்பராவில் இருந்தேன். அண்ணன் சப்பாத்தை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வேலாயியைப் பார்த்து, "ஒழுங்கா நடந்தாலும் ஓடச் சொல்றாங்க, கெட்டுப்போனாலும் ஓடச் சொல்றாங்க. இனி என்னத்தச் செஞ்சா விடுவாங்க புள்ள?" என்று கேட்டார்.

வேலாயி அடுப்பில் உப்புச் சட்டியை வைத்தாள்.

"காலை நீட்டுங்க" என்றாள்.