காட்டேரி ஐயாவுக்கு முட்டைப் பாண்

என் மாமாவை ஒரு இரத்தக் காட்டேரி கடித்திருந்தது. சின்ன வயதில் இதை நான் முழுமனதோடு நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? மாமாவின் இடது கையில், முழங்கைக்குக் கீழே இரண்டு துளைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கிழமையில் மூன்று நாள் மத்தியானத்தில் ஒரு வான் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போகும். பொழுதுபடும் நேரத்தில் வெளிறிப்போய்த் திரும்பி வருவார். கேட்டால், "கடிச்சுப்போட்டான் பிள்ளை" என்பார். "கடிபட்டவைக்குச் சாவில்லை. நீ பயப்பிடாதை."

மாமா அம்மாவின் தம்பி. பிறம்ரனில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தவர். சிறுநீரகம் இரண்டும் பழுதானபிறகு வெக்ஸ்போர்ட்டில் எங்களுடைய அப்பார்ட்மென்டுக்கு வந்து ஹோலில் இருந்த சோபாவைப் பிடித்துக்கொண்டார். டயலிசிஸ் நிலையத்தில் கையில் இரண்டு ஊசி குத்தி, இரத்தத்தை வெளியே எடுத்து, கழுவி, திரும்ப உள்ளே விடுவார்கள். போகாமல் விட்டால் ஆள் தப்பாது. போனாலும் சுகம் வராது, அடுத்த தடவை போகிறவரைக்கும் தாங்கும், அவ்வளவுதான். இதெல்லாம் பெரியவர்களின் விஷயம் என்பதால் எனக்குச் சொல்லப்படவில்லை. காட்டேரி போதுமானதாக இருந்தது.

ஒருநாள் மாமா வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"அக்கா, எனக்குப் பக்கத்துக் கதிரையில ஆர் எண்டு நினைக்கிறாய்? காட்டேரி."

"ரத்தத்தோட மூளையையும் கழுவி விட்டிட்டாங்களோ?" என்றா அம்மா.

ஆனால் அது உண்மை. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்துக்குக் கள்ளம் அடித்து, மாமா மற்றினிக் காட்சியில் பார்த்த ஆங்கிலப் படங்களில், கறுப்புப் போர்வையோடு சவப்பெட்டியிலிருந்து எழும்பி வந்த அதே நடிகர்தான். மனைவி போனபிறகு லண்டனை விட்டு, எங்களுக்குக் கிட்ட அஜின்கோர்ட்டில் இருந்த மகளிடம் வந்திருந்தார். மாமா முகத்தைப் பார்த்து அல்ல, தண்ணீர் கேட்ட குரலை வைத்துத்தான் பிடித்திருக்கிறார்.

அம்மா உடனே நம்பினாவோ தெரியாது. ஆனால் வயதான ஒரு நோயாளி பக்கத்தில் இருக்கும்போது தன் தம்பி மட்டும் பெட்டியைத் திறந்து சாப்பிடுவதை அவவால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அடுத்த தடவையிலிருந்து இரண்டு பெட்டிகள் போயின. இரண்டு பாண் துண்டுகளுக்கு நடுவில் முட்டைப் பொரியல். உப்புக் கூடாது என்பதால் அந்தக் குறை தெரியாமல் இருக்க வெங்காயமும் பச்சைமிளகாயும் தாராளம். உள்ளிப்பூண்டு மட்டும் போடக்கூடாது என்று நான் அடுப்படியில் காவல் நின்றேன். காட்டேரிக்கு உள்ளி ஆகாது. அந்த மனிதருக்கு ஏதும் நடந்தால் மாமாவின் சாகாவரமும் போய்விடும் என்பது என் கணக்கு.

பெட்டி திரும்பி வரும்போது பாணும் முட்டையும் முடிந்திருக்கும். மிளகாய்த் துண்டுகள் மட்டும் பொறுக்கி எடுக்கப்பட்டு ஒரு மூலையில் ஒழுங்காகக் கிடக்கும்.

"வெள்ளைக்காரன், என்ன செய்யிறது" என்பா அம்மா. ஆனாலும் மிளகாயைக் குறைக்கமாட்டா.

பள்ளிக்கூட விடுமுறை ஒன்றில் என்னையும் அந்த நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். காட்டேரி கழுத்துவரை கம்பளிப் போர்வையோடு கிடந்தது. கோரைப்பல் இல்லை, கட்டிய பொய்ப்பல். எனக்குச் சீ என்று போய்விட்டது. மாமா ஏதோ சொன்னார். கிழவர் என்னைப் பார்த்தார். பிறகு போர்வையின் விளிம்பை மெதுவாகத் தூக்கி மூக்குவரை மறைத்து, கண்ணை மட்டும் காட்டினார். நான் மாமாவின் கதிரைக்குப் பின்னால் ஓடினேன். கிழவருக்குச் சந்தோசம். அந்தச் சந்தோசத்திலேயே இருமல் பிடித்து, தாதி ஓடி வரவேண்டியதாகிவிட்டது.

அவர் சொன்னதாக மாமா கொண்டுவந்த கதைகள் எல்லாம் களைத்துப்போன கதைகள். ஒரு காலத்தில் லண்டன் தியேட்டர்களில் பெண்பிள்ளைகள் மயங்கி விழுந்தார்களாம். பிறகு அதே இடத்தில் சனம் சிரிக்கத் தொடங்கியது. படக் கொம்பனியிடம் காசில்லை. ஒரே மாளிகையைத் திருப்பித் திருப்பிப் படம் பிடித்தார்கள், கடைசியில் அதையும் விற்றார்கள். படத்துக்குப் படம் அவரிடம் கடிபட்ட நடிகை கடற்கரை ஊரொன்றில் வீடு விற்கும் வேலைக்குப் போனா. படத்துக்குப் படம் அவருடைய நெஞ்சில் ஆப்பு அடித்த நடிகர்தான் நிஜத்தில் உயிர்ச் சிநேகிதன், அவரும் போய்விட்டார். "என்னைக் கொன்றவங்கள் எல்லாரும் செத்துப்போனாங்கள், நான்தான் மிச்சம் எண்டு சொல்லுது கிழவன்" என்றார் மாமா. நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

அந்த மாரியில், பனி கொட்டின ஒருநாள் மாமா சோபாவை விட்டு எழும்பவில்லை. வான் கீழே வந்து நின்றது.

"காணும் அக்கா. நான் இனிப் போகேல்லை."

முன்பும் இப்படிச் சொல்லியிருக்கிறார். அம்மா அழுவா, ஏசுவா, கையைப் பிடித்து இழுப்பா. அன்றைக்கு எதுவும் செய்யவில்லை. இரண்டு பெட்டிகளையும் கொண்டுவந்து அவருடைய மடியில் வைத்தா.

"போகாட்டி விடு. அந்தாள் பாத்துக்கொண்டிருக்கும், அதை மட்டும் குடுத்திட்டு வா."

மாமா பெட்டிகளை இறக்கி வைத்தார். பிறகு சப்பாத்தைத் தேடினார். அதற்குப் பிறகு அம்மா ஏசியதே இல்லை. பெட்டியை மட்டும் நீட்டுவா.

பனி கரையத் தொடங்கிய நாட்களில் ஒருநாள் பெட்டி மிளகாய் இல்லாமல் வந்தது. முழுவதும் வெறுமை. அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு பாத்திரம் கழுவும் சிங்க்கடியில் நின்றா, தண்ணீர் தன்பாட்டில் ஓடியது.

"அம்மா, அவருக்கு உறைப்புப் பழகிட்டுது" என்றேன் நான்.

"ஓம்" என்றா அம்மா.

அதற்குப் பிறகு கிழவரின் கதைகளும் நன்றாக வந்தன. காற்றடித்து அட்டை மாளிகை விழுந்த கதை, நூலில் கட்டிய வௌவால் கதாநாயகியின் பொய்முடியைத் தூக்கிக்கொண்டு போன கதை. கிழவர் தேறி வருகிறார் என்று எனக்கு நல்ல நிம்மதி. மாமாவும் ஒருநாள் தவறாமல் போனார். அம்மா ஒவ்வொரு கதையையும் கேட்டுச் சிரித்தா. "பிறகென்ன சொன்னவர்?" என்று தூண்டிக்கூட விட்டா. இப்படியே அடுத்த மாரியும் போய், அதற்கடுத்த கோடையும் வந்தது.

அந்தக் கோடையில் மாமா நித்திரையிலேயே போனார், நெஞ்சு நின்றுவிட்டது. கடிபட்டவர் எழும்புவார் என்று காத்திருக்கும் வயதை நான் தாண்டியிருந்தேன். ஆனாலும் சவப்பெட்டி மூடுகிறவரை பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

செத்தவீடு நடந்த மண்டபத்துக்கு டயலிசிஸ் நிலையத்துத் தாதி வந்திருந்தா. அம்மாவின் கையைப் பிடித்து ஆங்கிலத்தில் நிறையச் சொன்னா. மொழிபெயர்க்கிற வேலை எனக்கு. பக்கத்துக் கதிரைக் கிழவர், இனி வேண்டாம் என்று தானே ஊசியை நிற்பாட்டி, முந்தின வருடப் பனிக்காலத்தோடேயே போய்விட்டாராம். அதற்குப் பிறகு மாமா இரண்டாவது பெட்டியை இந்தத் தாதிக்குத்தான் கொடுப்பாராம். அத்தனை காலச் சாப்பாட்டுக்கு நன்றி சொல்லத்தான் வந்ததாம்.

வௌவாலும் மாளிகையும் பொய். அம்மா என்ன பாடுபடப் போகிறாவோ என்று பயந்து பயந்து சொல்லி முடித்தேன்.

அம்மா திடுக்கிடவில்லை, தலையாட்டினா. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தா.

"உறைப்புக் கூடிப்போகேல்லையோ எண்டு கேள்" என்றா.

கேட்டேன். இல்லை, அந்த மிளகாய்தான் ருசி என்றா தாதி. அம்மாவுக்கு அது போதுமாயிருந்தது.

எனக்குத்தான் ஆறவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் காரில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தேன். விடிய எழும்பி, கண்ணெரிய வெங்காயம் வெட்டி, இல்லாத ஒரு மனிதருக்கு இவ்வளவு காலம் சமைத்திருக்கிறா. பாவம் அம்மா, ஒன்றுமே தெரியாதவ, மாமா அவவை நன்றாகப் பேய்க்காட்டி ஏமாற்றிவிட்டார் என்று நினைத்து, செத்த மனிதரோடு நான் பல நாள் கோபமாக இருந்தேன்.