நல்ல சேதி மட்டும்

நன்னாரி வேரைத் தட்டி வெந்நீரில் போட்டால் ஒரு வாசனை எழும்பும். மழை தொட்ட மண்ணும் பழைய மரப்பெட்டியும் கலந்த மாதிரி. அது எந்தப் பக்கமிருந்து வந்தாலும் நான் எழுந்து போய்விடுகிறேன். போன வாரம் ஒரு கல்யாணப் பந்தலிலும் அப்படித்தான். சர்பத் தம்ளரை நீட்டியவர், “சர்க்கரை வியாதியா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சுலபமான பதில்.

தூத்துக்குடியில் கடற்கரைச் சாலையை ஒட்டி, பஞ்சு மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கியின் மாடியில் எங்கள் சேவைச் சங்கம் கூடும். சனிக்கிழமை சாயங்காலம். இரண்டு வக்கீல்கள், ஒரு டாக்டர், காயல்பட்டினத்து ரத்தின வியாபாரி ஒருவர், கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த நான், இன்னும் சிலர். தலைவர் ஓர் உப்பு வியாபாரி. எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி.

யுத்தம் வந்த பிறகு அண்ணாச்சி ஒரு வழக்கம் கொண்டுவந்தார்.

“வெளிய பூரா கெட்ட சேதிதாம்லே. ரேடியோவத் திருப்பினா குண்டு, பேப்பரப் பிரிச்சா குண்டு. இந்த மாடியிலயாவது நல்லதப் பேசுவோம். கெட்ட சேதியச் செருப்போட கீழ விட்டுட்டு வாங்க.”

அன்றிலிருந்து கூட்டம் தொடங்குமுன் நல்ல சேதி நேரம். சேதி உள்ளவர் எழுந்து சொல்வார், நாங்கள் கை தட்டுவோம், அவர் செலவில் கருப்பட்டி போட்ட நன்னாரி சர்பத் வரும். மருமகனுக்கு வேலை கிடைத்தது. தோட்டத்துக் கிணற்றில் உப்பில்லாத தண்ணீர் ஊறியது. ஒருநாள் வக்கீல் ஒருவர் எழுந்து, “மாமியார் நேத்து ஊருக்குப் பொறப்பட்டுப் போயாச்சு” என்றார். அன்றைய கைதட்டல் தெருவரைக்கும் கேட்டிருக்கும்.

பிறகு பர்மாவில், ரங்கூனிலேயே ஜப்பான்காரன் குண்டு விழுந்தது. அங்கே ஓர் அரிசி மில்லில் அண்ணாச்சியின் மகனும் என் தம்பியும் ஒன்றாக வேலை பார்த்தார்கள். ஒரே அறையில் குடியிருந்தார்கள். தம்பியின் மனைவி எங்கள் வீட்டில், என் மனைவியோடு இருந்தாள். அவள் அவனோடு வாழ்ந்த காலம் கொஞ்சம், அவனுக்காகக் காத்திருந்த காலம்தான் அதிகம்.

கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலில் தப்பித்தார்கள். கிடைக்காதவர்கள் மலையும் காடும் நடந்து, வங்காளத்தில் ரயில் பிடித்து, ஊர் ஊராக மாறி இங்கே வந்து இறங்கினார்கள். சங்கம் ஸ்டேஷனில் கஞ்சி அண்டா வைத்தது. தினமும் ஆபீஸ் விட்டதும் போய்விடுவேன். கையில் அகப்பை, வாயில் கேள்வி. இன்ன மில், இன்ன தெரு, கறுப்பாக, ஒல்லியாக, சிரித்தால் கண் மூடிக்கொள்ளும், பார்த்தீர்களா? அவர்கள் என் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். அகப்பையைத்தான் பார்ப்பார்கள்.

சனிக்கிழமை யாராவது எழுந்து, “இந்த வாரம் ஒருத்தரையும் பசியோட அனுப்பல” என்பார். கை தட்டுவோம். மனிதர்கள் கந்தலாகி வந்து இறங்கினார்கள், மாடிக்கு வந்ததும் அது எங்கள் நல்ல சேதி ஆகிவிட்டது. நானும் தட்டினேன்.

ஒரு சனிக்கிழமை அண்ணாச்சியே எழுந்தார். துண்டை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டு நின்றார்.

“என் மவன் வந்துட்டான். நேத்து மத்தியானம். நடந்தே வந்திருக்கான்…”

அதற்குமேல் யார் கேட்டார்கள்? எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவன் நான். ஓர் அறையில் இருந்தவர்கள் ஒரு பாதையில்தானே வருவார்கள். அவன் வந்தால் இவனும் பின்னால் வந்துகொண்டிருக்கிறான். அண்ணாச்சி திறந்த வாய் திறந்தபடி நின்றார். சந்தோஷம் என்று நினைத்தேன்.

கூட்டம் முடிந்ததும் கேட்டேன். “தம்பியப் பத்தி ஏதும் சொன்னானா அண்ணாச்சி?”

“பயலுக்கு மலேரியாக் காய்ச்சல். வாயத் தெறக்கல. தெளியட்டும்” என்று தோளைத் தட்டினார்.

பார்க்கப் போனேன். அண்ணாச்சியின் வீட்டம்மா வாசலிலேயே, “பிள்ள தூங்குதான்” என்றாள். அதன்பிறகு எப்போது போனாலும் தூங்கினான். பர்மாவிலிருந்து நடந்து வந்தவன், தூங்கட்டும் என்று நானே அவளுக்குச் சமாதானம் சொல்லிவிட்டு வந்தேன். சனிக்கிழமைகளில் மட்டும் மகன் தேறிக்கொண்டே இருந்தான். சோறு தின்றான். எழுந்து நடந்தான். திருச்செந்தூருக்குப் போய் மொட்டை போட்டு வந்தான். ஒவ்வொன்றுக்கும் தட்டினோம். வீட்டுக்கு வந்தால் தம்பி மனைவி கதவோரம் நிற்பாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே அடுக்களைக்குள் போய்விடுவாள்.

வேண்டுதல் நிறைவேறியதற்காக வீட்டில் விருந்து வைத்தார் அண்ணாச்சி. அவர் மனைவி குங்குமச் சிமிழோடு வீடு வீடாகப் பெண்களை அழைக்க வந்தாள். நான் ஆபீசிலிருந்து வந்தபோது என் மனைவியும் தம்பி மனைவியும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“மறந்திருப்பா, ஏளா. எத்தன வீடு ஏறி இறங்குதா” என்றாள் என் மனைவி.

“மறக்கல அக்கா. ஒங்களுக்கு வச்சு விட்டாவ. நானும் கையத் தொடச்சிக்கிட்டு வந்து நெத்தியக் காட்டினேன். என்னப் பாத்துட்டுதான் சிமிழ மூடினாவ.”

பிறகு என் பக்கம் திரும்பினாள். என்னிடம் நேராகப் பேசாதவள்.

“அத்தான், அவுகளுக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு. போயிக் கேளுங்க.”

அழவில்லை. தலை நிறையப் பிச்சிப்பூ வைத்திருந்தாள்.

அன்று சனிக்கிழமை. கிட்டங்கி மாடிப்படியின் அடியில் அண்ணாச்சியைப் பிடித்தேன். கடல்காற்றில் அவர் வேட்டி படபடத்தது.

“எங்க வீட்டுப் பிள்ளைக்கு ஒங்க வீட்டுல குங்குமம் குடுக்கல.”

அவர் தோணித்துறைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தபடியே சொன்னார்.

“அரக்கான் மலைப்பாதையில. வாந்திபேதி. ராத்திரி தொடங்கி, விடியக்குள்ள முடிஞ்சிட்டு. எம்மவன்தான் பக்கத்துல இருந்தான். குழி வெட்டக்கூடத் தெம்பில்ல. எலையப் போட்டு மூடிட்டு நடந்திருக்கான்.”

“ஒங்களுக்கு எப்பத் தெரியும்?”

“வந்த அன்னைக்கே சொல்லிட்டான்.”

“அண்ணாச்சி!”

“அன்னைக்கு ரெண்டையும் சொல்லத்தாம்லே எந்திரிச்சேன். பாதி சொன்னேன். நீ அதுக்குள்ள கையத் தட்டிட்ட.”

நிஜமாகவும் இருக்கலாம். அந்தத் திறந்த வாயை நான் பார்த்தேனே. ஆனால் அதற்குப் பிறகும் எத்தனை சனிக்கிழமை வந்து போயிற்று. சொல்ல ஒரு வாய் இல்லாமலா போயிற்று?

“அவ தெனமும் பூ வச்சுக்கிட்டு வாசலப் பாத்துக்கிட்டு இருந்தாளே.”

“அதப் பிடுங்குத கை என் கையா இருக்க வேண்டாம்னு நெனச்சேன்.”

“அதுக்குத்தான் சிமிழ மூடச் சொன்னீயளா?”

“அது பொம்பளைக காரியம்” என்றார். குரல் இறங்கிவிட்டது.

பிடுங்கத்தான் அவருக்குக் கை வரவில்லை. மகனின் விருந்தில் ஒரு விதவையின் நெற்றி பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள அந்த வீட்டில் ஒரு கை இருந்தது. சங்கத்தின் விதியை ஒருநாளும் மீறாத மனிதர். கெட்ட சேதியை மாடிக்குக் கொண்டுவரவேயில்லை. கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டிய இடத்திலும் சேர்க்கவில்லை.

மேலே நாற்காலிகள் இழுபடும் சத்தம். நன்னாரி வாசனை படியிறங்கி வந்தது. “அண்ணாச்சி, நேரமாச்சு!” என்று யாரோ சன்னல் வழியாகக் கூப்பிட்டார்கள். “இதோ வாரேன்” என்று அண்ணாந்து சொன்னார், சிரித்த முகத்தோடு. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னைக்கு மட்டும் மேல வந்துராத. ஒம் மொகமே காட்டிக் குடுத்துரும். டாக்டருக்குப் பேரன் பொறந்திருக்கான்லே.”