“உங்க பதிவு நம்பர் என்னங்க?”

இரண்டு மாதத்துக்கு முன், கடலூரில் ஒரு லாட்ஜ் அறையில் இந்தக் கேள்வியைக் கேட்டேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் ‘மூளை நிபுணர்’. முகம் சிவந்துவிட்டது அவருக்கு.

“நம்பிக்கை இல்லேன்னா எழுந்து போம்மா!”

எழுந்து வந்துவிட்டேன். கூட வந்த என் கணவர் என்னைத்தான் முறைத்தார்.

என் கணவர் நெய்வேலி மைன்ஸில் புல்டோசர் ஓட்டிக்கொண்டிருந்தவர். ஐப்பசி மழையில் ஷிப்டுக்குப் போகும்போது சைக்கிள் சறுக்கி, பாலத்துச் சுவரில் தலை மோதியது. காயம் ஆறிவிட்டது. ஆள்தான்... சாப்பிட்டதை மறந்து மறுபடி தட்டு போடச் சொல்வார். ‘கதவு’ என்ற சொல் வராமல் கையை ஆட்டுவார். சட்டென்று கோபம் வேறு.

எதிர் குவார்ட்டர்ஸ் அஞ்சலைதான் சொன்னாள். “கடலூர்ல ஒரு மூளை டாக்டரு தங்கிகினு இருக்காருக்கா. போர்டுல பேருக்குப் பின்னால எம்மாம் பட்டம்!”

போகுமுன் எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரிடம் கேட்டேன். “மருந்து கொடுக்கறவர்னா மெடிக்கல் கவுன்சில்ல பதிவு இருக்கணும். நம்பரைக் கேளுங்க” என்றார்.

கேட்டேன். கிடைத்தது கோபம்தான்.

“மூணே மாசத்துல வண்டி ஓட்டலாம்னாரே... கெடுத்துட்டியே!” என்று கணவர் வழியெல்லாம் திட்டினார். நான் செய்தது சரிதானா? எனக்கே சந்தேகம். பிறகு எங்கள் டாக்டர் கவுன்சிலுக்கு எழுதி விசாரித்ததற்குப் பதில் வந்தது — அப்படி ஒரு பெயரே பதிவேட்டில் இல்லை.

டாக்டரே கடிதம் கொடுத்து எங்களைச் சென்னைக்கு அனுப்பினார். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் மூளை டாக்டர் பார்த்தார். பிறகு மனோதத்துவம் படித்த ஒரு பெண்மணியிடம் அனுப்பினார். கூசிக்கொண்டே அவரிடமும் பதிவு நம்பர் கேட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. “நான் டாக்டர் இல்லைம்மா. மருந்து தரமாட்டேன். ஞாபகம், பேச்சு, யோசனையெல்லாம் எப்படி இருக்குன்னு சோதிச்சுச் சொல்வேன். அதுக்குன்னு பெங்களூர்ல படிச்சேன். சர்ட்டிபிகேட் ஆபீஸ்ல இருக்கு, பார்த்துட்டே வாங்க.”

பார்த்துவிட்டே வந்தேன். ஆனால், தன்னால் ஆகாததை முதலில் சொன்னாரே — அப்போதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

மரக்கட்டைகள், படங்கள், எண்கள்... இரண்டு நாள் சோதனை. முடிவை என் கணவரைப் பார்த்தே சொன்னார். “பேச்சு இன்னும் தேறும். புது விஷயம் மனசுல நிக்கறதுதான் கஷ்டம். புல்டோசர் வேண்டாங்க. உங்களுக்கும் ஆபத்து, பக்கத்துல நிக்கறவங்களுக்கும் ஆபத்து.”

இவர் அழுதார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் நான் பார்த்த முதல் அழுகை. பஸ்ஸில் திரும்பும்போது விழுப்புரம் தாண்டும்வரை என் கையை விடவில்லை.

இப்போது அவருக்கு மைன்ஸ் ஸ்டோரில் கருவிகளை எடுத்துக் கொடுக்கும் வேலை. நேற்று ஒரு ஸ்பானரின் பெயர் ஞாபகம் வரவில்லையாம். வாங்க வந்தவரிடமே கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டாராம்.

“கேட்டா என்ன, குறைஞ்சா போயிடுவோம்?” என்கிறார். யாரிடம்... என்னிடம்!