ஒற்றைக்கால் பிராணி

எங்கள் தெருவில் எல்லோரும் அந்தப் பிராணியைப் பார்த்துவிட்டார்கள். நான் ஒருத்திதான் பார்க்கவில்லை. எட்டு வயதில் எனக்கு நேர்ந்த பெரிய அவமானம் அதுதான். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டேன். அப்படியும் அது என் கண்ணில் படவில்லை.

அப்போது நாங்கள் திருவனந்தபுரம் கோட்டைக்குள் ஓர் அக்கிரகாரத்தில் இருந்தோம். கொல்லைக் கதவைத் திறந்தால் ஓர் ஆள் நடக்கிற அளவுக்குச் சந்து. துலாமாச மழையில் அது சேறாகிக் கிடந்தபோதுதான் பிராணி வந்தது. முதலில் பார்த்தவள் என் அத்தை, அப்பாவின் தங்கை. விடிகாலையில் கிணற்றடிக்குப் போனவள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"மதில் மேலேர்ந்து குதிச்சுது. நாயும் இல்லே, நரியும் இல்லே" என்றாள்.

கதவுக்கு வெளியே சேற்றில் தடங்கள் இருந்தன. சின்னதாய், வளைவாய், மூன்றே மூன்று விரல், நுனியில் நகம் கீறின கோடு. அதைவிட அதிசயம், எல்லாத் தடங்களும் ஒரே பக்கம் வளைந்திருந்தன. அத்தனையும் வலது கால்!

அவ்வளவுதான், ஊருக்குக் கண் திறந்துவிட்டது. பால்காரி மறுநாளே பார்த்தாள். கன்றுக்குட்டிப் பொக்கம், அத்தனை உயரம் இருக்கும் என்றாள். பக்கத்து வீட்டு மாமா பார்த்தபோது அதற்கு இறக்கை இருந்தது. அந்த மாமாவுக்குப் பால்காரி மேல் சந்தேகம், பால்காரிக்கு மாமாவின் கண் மேல் சந்தேகம். என் அம்மாவுக்கோ, தேங்காய் திருட வருகிற எவனோ கட்டிவிட்ட கதை இது என்று இரண்டு பேர் மேலும் சந்தேகம். சந்தேகமே படாதவர் நாவிதர் ஒருவர்தான். கிள்ளிப்பாலத்திலிருந்து வந்தவர் தடத்தைப் பார்த்ததும் பெட்டியை இடுக்கிக்கொண்டு திரும்பிவிட்டார்.

"அது ஒத்தைக்கால் மாடனாக்கும் சாமீ! இனி ஞான் அந்தச் சந்துக்கு இல்லா" என்று பெரியப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் வந்துகொண்டிருந்தது அத்தைக்காக. அத்தைக்குப் பத்தொன்பது வயதில் புருஷன் போய்விட்டார். அதிலிருந்து பதினைந்து நாளைக்கு ஒருமுறை, வெளிச்சம் வருமுன் நாவிதர் சந்து வழியாக வருவார். அத்தை கிணற்றடியில் குனிந்து உட்காருவாள். வேலை முடிந்ததும் தலையில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டு, நார்மடிப் புடவையை முக்காடாக இழுத்துக்கொண்டு உள்ளே வருவாள். வாசல் வழியாக நாவிதர் வரக்கூடாது, விடிந்த பிறகும் வரக்கூடாது. சாஸ்திரம் அவ்வளவு கச்சிதம். ஆகவே சந்து அடைபட்டதும் அந்த வேலையும் நின்றுபோயிற்று.

ஒன்றரை மாசத்தில் அத்தையின் முக்காட்டுக்குள் முடி வந்துவிட்டது. தினமும் காலையில் எனக்குப் பின்னிவிடுகிறவள் அவள்தான். இறுக்கி, மளமளவென்று பின்னி, முதுகில் ஒரு தட்டுத் தட்டி எழுப்பிவிடுவாள். ஒருநாள் குனிந்தபோது முக்காடு நழுவிற்று. ஒரு அங்குலம் இருக்கும், கருகருவென்று.

"தொட்டுப் பாக்கட்டுமா அத்தை?"

அவள் கதவுப்பக்கம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்து கொடுத்தாள். பூனைக்குட்டி முதுகு மாதிரி இருந்தது. "போறும்டீ, கூசறது" என்று சிரித்தாள். அத்தை சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அம்மாவும் அந்த முடியைப் பார்த்திருப்பாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பெரியப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. தாத்தாவின் திவசம் நெருங்கிக்கொண்டிருந்தது. தலையில் முடியோடு இருக்கிறவள் மடைப்பள்ளிப் பக்கம் வரக்கூடாது என்று திவசம் பண்ணிவைக்கிற வாத்தியார் சொல்லிவிட்டார். பெரியப்பா கச்சேரியில் வாக்குமூலம் எழுதுகிற குமஸ்தா. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் மேஜையைப் போட்டு, நீள நோட்டும் சிவப்பு நீலப் பென்சிலுமாக உட்கார்ந்து தெருவையே விசாரித்தார். எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன நிறம் என்று ஒன்று விடவில்லை. தடம் விழுந்த தேதிகளையெல்லாம் அழகாக வரிசைப்படுத்தினார். ஒவ்வொன்றும் நாவிதர் வரவேண்டிய நாள் என்பது மட்டும் அந்த மகா புத்திசாலிக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் என் பாவம் பாதியாகக் குறைந்திருக்கும்.

"சாட்சி சொல்றது வெளையாட்டில்லே, கேட்டேளா?" என்று மாமாவை அதட்டிக்கொண்டிருந்தார். என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. எனக்கு ஆத்திரமான ஆத்திரம். கொல்லைக்குப் போய், அன்று காலை விழுந்திருந்த புதுத் தடத்தின் முன்னால் உட்கார்ந்தேன். அந்த வளைவை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. விளையாட்டாக என் கையை மடக்கி அதன்மேல் வைத்துப் பார்த்தேன்.

ஜன்மாஷ்டமிக்குக் கிருஷ்ணன் பாதம் போடுவது இப்படித்தான். முஷ்டியை மாவில் தோய்த்துப் பக்கவாட்டில் பதித்து, மேலே விரல் நுனியால் பொட்டுப் பொட்டாக வைக்கவேண்டும். அந்த வருஷம் எனக்கு அதைக் கொல்லை மணலில் சொல்லிக் கொடுத்தது அத்தைதான். மாக்கோலத்தை அவள் தொடக்கூடாது, மணலைத் தொடலாம். "ரெண்டு கையாலேயும் மாத்தி மாத்திப் போடணும். எனக்கு இடது கை மடங்காது, அதனாலே எல்லாம் வலது காலாவே விழறது பார்" என்றாள். சின்ன வயதில் கொதிக்கிற எண்ணெய் பட்டு அந்தக் கை, பின்னலை விரலிடுக்கில் பிடிக்குமே தவிர முஷ்டியாக மடங்காதபடி, விறைத்துப்போனது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவே பார்த்ததை நான் கண்டுபிடித்துவிட்டேன்! ஓடிப்போய்க் கூடத்தில் நின்று, "பெரியப்பா, அது பிராணியே இல்லே! அத்தை போட்டது!" என்று கத்தினேன். அவர் நம்பவில்லை. கோலமாவைக் கரைத்துக்கொண்டு வந்து, எல்லோர் முன்னாலும் தரையில் வலது முஷ்டியைப் பதித்தேன். மூன்று விரல் வைத்தேன். நகத்தால் கீறினேன். இன்னொன்று, பிறகு இன்னொன்று.

பெரியப்பா அத்தையைக் கூப்பிட்டார். அவள் கதவோரமாக வந்து நின்றாள். தரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இடது கையை மடக்கு பார்க்கலாம்" என்றார் பெரியப்பா.

அவள் மடக்க முயலவே இல்லை. விரிந்த கையை அப்படியே நீட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்து வீட்டு மாமா முதலில் சிரித்தார், இறக்கையை அவர் அதற்குள் மறந்துவிட்டார் போலும். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் எழுந்து உள்ளே போனாள். பெரியப்பா நோட்டில் சிவப்பில் எழுதி உரக்கப் படித்தார்: "பிராணி பிடிபட்டது." அந்தப் பென்சிலை என்னிடமே கொடுத்துவிட்டார்.

மறுநாள் விடியுமுன் சந்தில் செருப்புச் சத்தம் கேட்டது. கல்லில் கத்தி தீட்டுகிற சத்தமும் கேட்டது. நான் பென்சிலைத் தலையணைக்கடியில் தொட்டுப் பார்த்துக்கொண்டு திரும்பிப் படுத்தேன். அத்தை திட்டுவாள் என்று பயமாகத்தான் இருந்தது.

அவள் திட்டவில்லை. வழக்கம்போல் என்னை முன்னால் உட்காரவைத்துத் தலையை அவிழ்த்தாள். அவள் முக்காட்டிலிருந்து தண்ணீர் என் தோளில் சொட்டிற்று. அன்று அவள் அவசரப்படவே இல்லை. சிக்கே இல்லாத முடியை வகிர்ந்து வகிர்ந்து வாரினாள். பின்னினாள், அவிழ்த்தாள், மறுபடி பின்னினாள்.

"வலிக்கறதாடீ?" என்றாள்.

"இல்லே அத்தை" என்றேன். பள்ளிக்கூடத்தில் பென்சிலைக் காட்டவேண்டும், நேரமாகிக்கொண்டிருந்தது. பின்னல் முடிந்த பிறகும் அதன் நுனியை அவள் ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரியாமல், நான் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு ஓடினேன்.