இடது காதுக்கு ஒரு தேதி

"சென்ற மாதம் பதினேழாம் தேதி, வியாழன் மாலை முதல் இடது காது கேட்கவில்லை. திடீர்த் தொடக்கம்." செகந்திராபாத்தில் ஒரு மருத்துவமனையில் என் மனைவிக்கு எழுதிக் கொடுத்த சீட்டின் முதல் வரி இது. சீட்டு ஆங்கிலத்தில் இருந்தது, தமிழ் என்னுடையது. அந்தத் தேதியை டாக்டரிடம் சொன்னவனும் நான்தான்.

ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எடை போட்டது, பாத்திரம் கழுவியது, அறையைப் பூட்டியது எல்லாவற்றுக்கும் அங்கே தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். தேதி இல்லாத வேலை நடக்காத வேலை. அந்தப் பழக்கம் லோத்குண்டா வீட்டுக்கும் என்னோடு வந்துவிட்டது. ஊறுகாய் பாட்டிலில்கூடத் திறந்த தேதியை ஒட்டி வைப்பேன். ஆகவே டாக்டர் "எப்போதிலிருந்து?" என்று கேட்டதும், அவள் வாயைத் திறக்கும் முன் நான் பதில் சொல்லிவிட்டேன். பூனாவிலிருந்து மகள் பேசிய மாலை அது. இடது காதில் போனை வைத்துக்கொண்டு மனைவி ஹலோ ஹலோ என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். போனில் கோளாறு என்று நினைத்து வாங்கிப் பார்த்தேன், மகளின் குரல் தெளிவாக வந்தது. அன்றே டைரியில் குறித்தேன்.

இவ்வளவு துல்லியமாகச் சொன்னால் எந்த டாக்டரும் நம்பத்தான் செய்வார். திடீரென்று போன காதுக்கு உடனே மருந்து கொடுக்க வேண்டுமாம். ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார். அவளுக்குச் சர்க்கரை வியாதி உண்டு, அது ஏறியது. தூக்கம் போனது. காது திரும்பவில்லை. அதன் பிறகுதான் ஸ்கேன் எடுத்தார்கள். காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் சிறிய கட்டி இருந்தது.

புற்று இல்லை என்றார்கள். இவ்வகைக் கட்டி பெரும்பாலும் மெதுவாக வளருமாம். மெதுவாக வளர்ந்தால் தொடாமல் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வேகமாக வளர்ந்தால் அறுவை சிகிச்சை, அதில் மிச்சமிருக்கும் கேட்கும் திறனும் போகலாம், முகத்தின் ஒரு பக்கம் கோணிப்போகவும் கூடும். எத்தனை நாளாகக் காது மங்குகிறது என்பதும் முடிவுக்கு உதவும் என்றார்கள். சீட்டிலோ திடீர் என்று இருந்தது. எந்த அறைக்குப் போனாலும் கணினித் திரையில் அந்த வரிதான் முதலில் வந்து நின்றது.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் இளம்பெண். நான் பதினேழு என்று தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தி, மனைவியைப் பார்த்து, எப்போதிலிருந்து என்று இந்தியில் கேட்டார், "கப் ஸே, அம்மா?"

மனைவி செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவள். "மாலும் நஹி மேடம். ஆஹிஸ்தா ஆஹிஸ்தா," என்றாள். தெரியவில்லை, மெல்ல மெல்ல.

டாக்டர் புதிய வரி எழுதினார். 'இன்சிடியஸ் ஆன்செட்.'

ஆட்டோவில் வரும்போது கேட்டேன். "மெல்ல மெல்லன்னா, எப்பத்துல இருந்து? ஒரு வருசமா? அஞ்சு வருசமா?"

"நக்கோ, வேணாம். மறுபடி டேட் கேக்காதீங்க."

"அப்ப ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே. வர வர நீங்க முணுமுணுன்னு பேசுறீங்கன்னு எத்தன வாட்டி சொல்லியிருக்கேன்? நீங்கதான் தொண்டைய செருமிட்டு இன்னும் மெதுவா பேசுவீங்க."

வீட்டுக்கு வந்ததும் அகராதியை எடுத்தேன். ஆன்செட் என்றால் தொடக்கம், இன்சிடியஸ் என்றால் பதுங்கியிருந்து, தெரியாமல் கேடு செய்வது. வஞ்சகம் என்ற பொருளும் அதில் இருக்கிறது. ஸ்கேன் அறிக்கையில் கட்டியின் வகையைப் பற்றி இன்னொரு சொல் இருந்தது, 'இண்டொலென்ட்'. மருத்துவத்தில் அதற்கு மெதுவாக, வலியில்லாமல் வளர்வது என்று பொருள். மற்ற இடங்களில் சோம்பேறி. ஆங்கிலம் பேசுகிறவர்கள் மெதுவாக நடப்பதைச் சும்மா விடுவதில்லை என்று அன்று தோன்றியது. அவர்கள் மொழியில் முதுமை ஆளின் பின்னால் பதுங்கித் தவழ்ந்து வருகிறது. காலம் இளமையைத் திருடிப் போகிறது. ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் நடந்துவிட்டால் அதற்குள் ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும், திட்டம் போடுகிறவனோ தூங்குமூஞ்சியோ. நம்முடைய 'வர வர' என்பதில் யாரும் இல்லை. வந்துகொண்டே இருப்பது மட்டும் இருக்கிறது.

மற்ற நாட்களில் இப்படி யோசிப்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. இப்போது அதை ரசிக்க முடியவில்லை. அவள் தலைக்குள் இருப்பது வஞ்சகனா சோம்பேறியா என்று இரண்டு சொற்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொருளைச் சொன்னதும் அவள், "சோம்பேறின்னா நல்லதுதானே. வீட்ல ஒண்ண வச்சு சமாளிக்கல நான்?" என்றாள்.

இந்தச் சொற்களைப் பற்றி மகளிடம் போனில் சொன்னேன். எங்கள் தமிழ் அவளுக்குப் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். "டாடி, ப்ளீஸ். ஜஸ்ட் லிசன் டு ஹெர் ஃபார் ஒன்ஸ்," என்று வைத்துவிட்டாள்.

பழைய டைரிகளைப் புரட்டினேன். மழை, மின்வெட்டு, ஆராதனை நேரம் மாறியது எல்லாம் இருந்தன. அந்தப் பதினேழாம் தேதிக்கு முன் அவள் காது எங்கும் இல்லை. ஒரு நாளில் நடக்காத எதற்கும் அவற்றில் இடம் இருந்ததில்லை.

பிறகு ஆலயத்துப் படங்கள் நினைவுக்கு வந்தன. எங்கள் தமிழ்ச் சபையில் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் கீத ஆராதனை முடிந்ததும் பாடகர் குழு பீடத்துப் படிகளில் பாடிய வரிசையிலேயே நின்று படம் எடுத்துக்கொள்ளும். மனைவி பல காலமாக அதில் ஆல்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல் பாடுகிறாள். கையில் இருந்த படங்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன், நடுவே சில ஆண்டுகளின் படங்கள் இல்லை. பழைய படங்களில் அவள் வரிசையின் நடுவில் நிற்கிறாள். அடுத்து ஓர் ஆள் தள்ளி. அதற்கடுத்த இரண்டில் அதே இடம். பிறகு இன்னும் தள்ளி. கடைசிப் படத்தில் வலது ஓரத்தில் நிற்கிறாள். படம் பார்க்கிற நமக்குத்தான் அது வலது. அவளுக்கு இடது பக்கம் சுவர், பாடுகிறவர்கள் எல்லோரும் வலது காதுப் பக்கம்.

"இங்க பாரு, நீயா நகந்திருக்க," என்றேன்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "ஹவ், ஆமா, நகந்திருக்கேன். ஆனா அது ஃபேனுக்காக. ஓரத்துலதான் காத்து வரும்."

"வருசம் போகப் போக ஒவ்வொரு ஆளாத் தள்ளியா ஃபேனுக்குப் போவ?"

அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். இடது காதை உள்ளங்கையால் மூடித் திறந்தாள், மறுபடி மூடினாள். பயப்படுகிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

படங்களை அந்த இளம் டாக்டரிடம் கொண்டுபோனோம். அவர் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்து, "பல ஆண்டுகளாக இருக்கலாம்" என்று குறித்துக்கொண்டார். இது மட்டும் போதாது, ஆனாலும் இப்போது கத்தி வேண்டாம், ஆறு மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன், இரண்டையும் ஒப்பிட்டால்தான் வேகம் தெரியும் என்றார். பழைய 'திடீர்' வரியை அடித்துவிடச் சொன்னேன். தொழிற்சாலையில் தவறான பதிவின் மேல் ஒற்றைக் கோடு இழுத்து, சரியானதை எழுதி, கையெழுத்திடுவோம். கணினியில் அதற்கு வழியில்லையாம். அது கீழே எங்கோ இருக்கும் என்றார்.

அந்த ஸ்கேன் இன்னும் எடுக்கவில்லை. இப்போது சாப்பிடும்போது அவளுக்கு வலது பக்கம் உட்காருகிறேன்.

அவள் முதன்முதலில் நடுவிலிருந்து விலகி நிற்கும் படத்தின் பின்புறம் வெறுமையாக இருக்கிறது. நான் தேதி போடாத படம் அது ஒன்றுதான். எந்த ஆண்டு என்று குழுவில் இருவரைக் கேட்டேன், இரண்டு வேறு ஆண்டுகள் சொன்னார்கள். அப்போது அந்த ஓரத்தில் மின்விசிறி இருந்ததா என்று ஆலயப் பணியாளரைக் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. ஆகவே அவள் காதுக்காக நகர்ந்தாளா, காற்றுக்காகவா என்பது இதை எழுதும் நாள் வரை சரிபார்க்கப்படவில்லை.