கூடை காலியாகும் வரை

எங்கள் நொச்சிக்குப்பத்துக்குக் கரண்டு வந்த வருஷம் வீட்டில் அடித்த அதே புளித்த சோற்று வாசனை, இன்று சாயங்காலம் என் மகள் செல்வியின் டிபன் டப்பாவைத் திறந்ததும் அடித்தது. மீன் விற்கப் போனவள் மதியச் சோற்றைத் தொடவே இல்லை.

என் அம்மாவும் அப்படித்தான். கூடை காலியாகும் முன் சோறு தின்றால் மீன் போணியாகாது என்று நம்பினாள். கூடையைச் சுமந்து மயிலாப்பூர்த் தெருவெல்லாம் சுற்றிவிட்டுப் பொழுது சாயும்போதுதான் வருவாள். காலையில் வடித்த சோறு சட்டியில் நுரைத்திருக்கும். கருவாட்டைக் கடித்துக்கொண்டு இரண்டு வாய் தின்பாள், சட்டியைத் தள்ளிவிடுவாள்.

"இன்னாமே, காத்தத் துன்னே வவுத்த ரொப்பிக்கினியா?" என்பார் அப்பா. அவர் கடலிலிருந்து வந்ததுமே வயிறாரத் தின்று தூங்கி எழுந்திருப்பார்.

"பசி வந்துச்சு, நான் இல்லன்னு திரும்பிப் போயிடுச்சுய்யா."

எல்லோரும் சிரித்தோம். அந்தப் பசி பிறகு நேரத்துக்கு வரவே இல்லை. சர்க்கரை போட்ட டீயிலேயே அவள் உடம்பு ஓடியது. ஒருநாள் தெருவில் சாய்ந்தவள் எழவில்லை. கூடையில் நாலு சங்கரா மீன் மிச்சம் இருந்தது.

செல்வியிடம் நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னால், "பசிக்கல நைனா, வியாபாரத்தப் பாக்கவா?" என்கிறாள். வாங்க வருகிறவர்கள் சொன்னால் கேட்பாள். நீங்கள் மயிலாப்பூர்ப் பக்கம் அவளிடம் மீன் வாங்கப் போனால், "மொதல்ல சாப்பிடும்மா, நாங்க நிக்கறோம்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.