கற்பூர சோடா

சோடாவில் பச்சைக் கற்பூரம் போடும் யோசனை எந்த மனுஷனுக்கு வரும் என்று கேட்டால், அந்த ஆளை நான் நேரில் பார்த்திருக்கிறேன். திருத்தணியில், மலைப்படிக்குப் போகிற வழியில் கூல் டிரிங்க்ஸ் கடை வைத்திருக்கிறார். அவர் பையனுக்கு என் மகளைக் கேட்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீடு பார்க்க நானும் என் மச்சானும் ஆர்.கே.பேட்டையிலிருந்து பஸ்ஸில் போனோம்.

மகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். கிளம்பும்போது ஒன்றுதான் சொன்னாள். "வேலைய வுடச் சொன்னா ஒத்துக்காத நைனா. தலைய ஆட்டிட்டு வந்துடாத." நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது என்பது அவளுக்குத் தெரியும்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. சாமி படங்களைவிடப் பெரிதாகச் சோடா பாட்டிலின் படம். அதற்கும் ஒரு மாலை.

எங்கள் பக்கம், சம்பந்தம் முடிவாகிற வரைக்கும் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க மாட்டோம். நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். அதனால் காபி வேண்டாம் என்றோம். அவர் உடனே இரண்டு பாட்டில்களைத் திறந்து நீட்டினார்.

"இது சாப்பாடா இன்னா? சோடாங்க. பாட்டில்ல குடிச்சா கை எங்க நனையப் போவுது?"

மச்சான் சிரித்துக்கொண்டே வாங்கிவிட்டான். மறுக்கக் கூச்சப்பட்டு நானும் வாங்கினேன்.

ரோஸ் நிறம். துளசி, ஏலக்காய், கற்பூரம், சர்க்கரைப் பாகு, எல்லாவற்றுக்கும் மேலே கேஸ். கோயிலில் உள்ளங்கையில் ஒரு வாய் வாங்கும் தீர்த்தத்தை, நுரை வரக் குலுக்கி, ஒரு பாட்டில் குடி என்றால் எப்படி இருக்கும்? மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. அதை அவர் பக்தி என்று நினைத்திருக்க வேண்டும்.

"ஆந்திராக்காரங்க பொட்டி பொட்டியா தூக்கினு போறாங்க. வேற எவனும் இத பண்ண முடியாதுங்க" என்றார். முடியாமல் இல்லை. வேறு எவனுக்கும் தோன்றாது. பையன் போனைப் பார்த்துக்கொண்டே அப்பா பேச்சுக்கு 'ஆங்' போட்டான். அது ஒன்றுதான் அவனுக்குத் தெரிந்த வேலை போலிருந்தது.

மிச்சம் வைத்தால் மரியாதை இல்லையே என்று மூச்சைப் பிடித்துக் குடித்து முடித்தேன். அவர் கையைத் தட்டினார்.

"பாட்டில் காலி! அப்போ முடிஞ்சுது. சம்மந்தி நம்ம வூட்ல கை நனைச்சிட்டாரு!" என்று உள்பக்கம் பார்த்துக் கத்தினார். பிறகு என்னிடம், "பொண்ணுக்கு அந்த ரத்தத்த தொட்ற வேலல்லாம் எதுக்குங்க? நின்னுட சொல்லுங்க. நம்ம கல்லாவுல உக்காந்துகினு இருந்தா போதும்."

"அதான், அதான்" என்றான் மச்சான்.

என் தலை ஆடத் தொடங்கியிருந்தது. கஷ்டப்பட்டு நிறுத்தினேன். வேலையைப் பற்றித்தான் சொல்ல நினைத்தேன். வாயில் முதலில் வந்தது வேறு.

"சோடா நல்லா இல்லீங்க."

"இன்னா சொன்னீங்க?"

"குடிக்க முடியலீங்க. பொண்ணும் வேலைய வுட மாட்டா. இந்தச் சம்பந்தம் வேணாங்க."

பையன் முதல் தடவையாகப் போனிலிருந்து தலையைத் தூக்கினான்.

பஸ்ஸில் மச்சான் பொரிந்தான். "ஒரு சோடாவுக்கா பாவா இப்டி பண்ண? நல்லாக்குதுன்னு ஒரு வார்த்த சொன்னா உன் வாய் இன்னா வெந்தா போயிடும்?"

நான் மகளுக்குப் போன் போட்டேன். "வேணாம்னு சொல்லிட்டேம்மா."

"மாமா சொன்னாரா?"

"இல்ல. நான்தான்."

"நீயா? மாமாகிட்ட போன குடு நைனா" என்றாள்.

நீட்டினேன். அவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.